கொளுக்கிப் புழுவும் கொழுந்துக் கூடையும்

பசறைக்கு அப்பால், நமுனுகுலை மலையைப் பார்த்தபடி இருக்கும் தோட்டமொன்றில் பிறந்தவர் என் அப்பாயி. தாம் பிறந்த ஆண்டு அவருக்குத் தெரியாது. ஆனால், 'புழு மருந்து குடுத்த காலம்' என்று ஒரு காலத்தை மட்டும் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார். "மொத நாள் ராத்திரி சோறு கெடையாது. விடியக் காலம்பற பெரட்டுக் களத்துல வரிசையா நிக்க வச்சு ஒரு நாத்த எண்ணெயக் குடுப்பாங்க. அப்புறம் பேதி உப்பு. சாயந்திரம் வரைக்கும் தல சுத்தும். அன்னைக்குப் பேரு விழுமா விழாதாங்கிறதுதான் எங்காத்தாவுக்குக் கவல" என்பார். பேர் விழுவது என்றால் அன்றைய நாட்கூலி கணக்கில் பதிவாவது. மலையகத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அந்த எண்ணெய் என்ன, கொடுத்தவர்கள் யார் என்று அப்பாயிக்கும் தெரியாது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. பேராதனையில் கலைப்பீட மாணவனாக இருந்தபோது, வேறெதையோ தேடிப்போன இடத்தில் விடை கிடைத்தது. எண்ணெயின் பெயர் கீனோபோடியம். அமெரிக்காவின் எண்ணெய்க் கோடீசுவரர் ரொக்பெல்லரின் பணத்தில் உலகெங்கும் நடத்தப்பட்ட கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தோடு இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த மருந்து அது. என் குடும்பத்துக் கதையொன்று உலக மருத்துவ வரலாற்றின் ஒரு பக்கத்தில் இருப்பதைக் கண்ட அந்தப் பிற்பகலை நான் மறக்கவில்லை. அன்று தொடங்கிய தேடலில் அவ்வப்போது குறித்து வைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கதையை ஊவாவிலிருந்தே தொடங்கலாம். கோப்பிப் பயிரை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1869இல், மடுல்சீமையில். செடிக்கு வந்த அந்த நோயைப் பற்றி இலண்டன் வரை கடிதங்கள் பறந்தன. அதே மலைகளுக்கு மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த மனிதருக்கு வாந்திபேதியும் அம்மையும் கண்டு வழியிலேயே விழுந்தபோது அவ்வளவு கடிதங்கள் பறக்கவில்லை. தோட்டத்தை அடைந்தவர்களுக்கும் வைத்தியம் என்பது துரையின் பங்களா அலுமாரியில் இருந்த குயினைனும் விளக்கெண்ணெயும்தான்.

1872இல் மருத்துவத் தேவைகள் பற்றிய முதற் சட்டம் வந்தது. கோப்பித் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்து, வைத்தியர்களை நியமிக்க வழிசெய்த சட்டம் அது. பலமுறை திருத்தப்பட்ட பின்னர், 1912இன் 9ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் சட்டமும் 10ஆம் இலக்கத் தொழிலாளர் நோய்கள் சட்டமும் அதன் இடத்துக்கு வந்தன. இவற்றைப் படிப்பவர்கள் வியப்படையக்கூடும். லயங்களையும் சுற்றுப்புறத்தையும் ஓரளவு சுகாதாரமாக வைத்திருத்தல், நோயாளிகளை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுத்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பை உறுதிசெய்தல் ஆகிய யாவும் தோட்ட அதிகாரியின் கடமைகளாக எழுதப்பட்டன. எழுத்தில் பார்த்தால் அக்காலத்துக்கு முன்னேற்றமான சட்டம்தான். ஆனால் அதற்குள் ஒரு விதை இருந்தது. நாட்டிலுள்ள மற்றவர்களின் உடல்நலத்துக்கு அரசாங்கம் பொறுப்பு. தோட்டத் தொழிலாளியின் உடல்நலத்துக்குத் தோட்டமே பொறுப்பு. அந்தப் பிரிவினை எவ்வளவு ஆழமாக வேரோடியது என்பதை இனிப் பார்ப்போம்.

கொளுக்கிப் புழு ஒரு விசித்திரமான பிராணி. சிறுகுடற் சுவரில் கொளுவிக்கொண்டு குருதியை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் வெப்பமும் உள்ள மண்ணில் பொரித்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து மறுபடியும் உடலுக்குள் புகும். தோல் வழியாக அது நுழைகிறது என்பதைக் கெய்ரோவில் பணிபுரிந்த ஆர்தர் லூஸ் என்னும் ஆய்வாளர், புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தற்செயலாகத் தம் கையில் சிந்தியதால் 1898இல் கண்டுபிடித்தார். கழிவறையே இல்லாத லயம், இயற்கைக் கடனுக்கு ஒதுங்கும் தேயிலை மலை, மறுநாள் அதே மலையில் வெறுங்காலோடு கொழுந்தெடுக்கும் பெண்: புழுவுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது. காலில் அரிப்பெடுத்தால் சேற்றுப்புண் என்பார்கள். முகம் வெளுத்து மூச்சு வாங்கினால் சோகை என்பார்கள். துரைமார் அதைச் 'சோம்பேறித்தனம்' என்றார்கள்.

1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் இயக்கம் தொடங்கியது. கீழைத்தேசங்களுக்கு அதன் பொறுப்பாளராக இருந்தவர் விக்டர் ஹைசர். பரிசோதித்த இடங்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. தோட்டத் துரைமாரிடம் இரக்கத்தைக் கிளறிப் பயனில்லை என்பதைப் புரிந்துகொண்டவர்கள், இலாபத்தின் மொழியிலேயே பேசினார்கள்: புழு போனால் உங்கள் கூலியாள் கூடுதலாக வேலை செய்வான். மருந்துக்குத் துரைமார் இணங்கினர். கழிவறை கட்டுங்கள் என்றபோதுதான் பின்வாங்கினர். அது செலவு, தவிர, இந்த ஆட்கள் அதைப் பாவிக்கவே மாட்டார்கள் என்ற வாதம் வேறு. இலங்கையில் ரொக்பெல்லர் பணிகளைப் பற்றி 1995இல் நூலெழுதிய சோம ஹேவா இந்த இழுபறியை விரிவாகக் காட்டுகிறார். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, ஒரு வருடத்துக்குள் அதே மண்ணிலிருந்து அதே கால்களுக்குள் திரும்பவும் ஏறியது.

இடையில் இருண்ட அத்தியாயம் ஒன்று உண்டு. கீனோபோடியத்தைவிட மலிவான மருந்தைத் தேடியபோது, 1921இல் அமெரிக்காவில் மோரிஸ் ஹோல் என்பவர் காபன் டெட்ராகுளோரைட்டைப் பரிந்துரைத்தார். தீயணைப்புக் கருவிகளிலும் துணி வெளுக்கவும் பயன்பட்ட இரசாயனம் அது. ஈரலைக் கெடுக்குமா என்று அறிய வேண்டியிருந்தது. இலங்கையில் இயக்கத்தை நடத்திய டொச்சர்ட்டி, கொழும்பின் நுண்ணுயிரியல் நிபுணர் லூசியஸ் நிக்கல்ஸுடன் சேர்ந்து 1923இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் மூன்று பிரேத பரிசோதனைகளின் அறிக்கையை வெளியிட்டார். தூக்குத் தண்டனை பெற்ற கைதிகளுக்கு மருந்தைக் கொடுத்து, தண்டனை நிறைவேறிய பின்னர் அவர்களின் ஈரலைப் பார்த்த கதை அது. இன்று எந்த ஒழுக்கவியல் குழுவின் முன்னாலும் இப்படியொரு விண்ணப்பம் ஒரு நிமிடம்கூட நிற்காது. அன்று அது சஞ்சிகையில் அச்சேறியது.

துரைமாரோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன ரொக்பெல்லர் நிறுவனம் தன் கவனத்தைக் கிராமங்களின் பக்கம் திருப்பியது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு பிறந்தது. சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர், குடும்பநல மாது என்று இன்று இலங்கை பெருமையோடு உலகுக்குக் காட்டும் பொதுச் சுகாதார அமைப்பின் தாய்வீடு அதுவே. என் கருத்தில் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் இதுதான். தோட்டத்தில் கற்ற பாடம் கிராமத்துக்குப் பயன்பட்டது. மருந்து மட்டும் போதாது, கழிவறையும் வீட்டுக்கு வரும் மாதுவும் வேண்டும் என்பதைத் தோட்ட மக்களின் வயிற்றைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அந்தப் படிப்பினையின் பலன் தோட்டத்துக்குத் திரும்பி வருவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பதுளையில் ரயிலுக்கு 1924இலேயே நிலையம் கிடைத்துவிட்டது. பதுளைத் தோட்டத்துப் பெண்ணின் வாசலுக்கு அரசாங்கத்தின் குடும்பநல மாது ஒழுங்காக வருவதற்கு அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

1948இல் குடியுரிமை பறிபோனது; 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் அக்காலத்தின் முரண் தெரியும். இலவச வைத்தியத்துக்காகத் தோட்டத்து மனிதர் எவரையும் வைத்தியசாலை வாசலில் திருப்பி அனுப்பவில்லை என்பது உண்மை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் வாசலை அடைவதுதான் பிரச்சினை. மடுல்சீமையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் நோயாளியைக் கம்பளியில் தூளிகட்டித் தூக்கிவந்து, கொழுந்து லொறிக்குக் காத்திருந்து, பதுளைக்கு ஏற்றிய தலைமுறை இன்னமும் உயிரோடிருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சர் எழுதித் தரும் துண்டு இருந்தால்தான் லொறி கிடைக்கும். நல்ல டிஸ்பென்சர்களும் இருந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு டோர்ச் லைட்டோடு லயத்துக்கு வந்த ஒருவரின் பெயரை என் தம்பிக்கு வைத்தார்கள்.

காணிச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையாகிக் கைமாறிய அதே காலத்தில் பஞ்சமும் வந்தது. அரிசியும் மாவும் எட்டாமற்போன 1973, 1974 ஆண்டுகளில், பயிரிடுவதற்கு ஒரு துண்டு நிலமும் இல்லாத தோட்ட மக்கள்தான் முதலில் விழுந்தார்கள். 1974இல் தோட்டத்துறையின் சிசு மரண வீதம் ஆயிரம் பிறப்புக்கு நூற்றைத் தாண்டியது. அப்போது நாட்டின் சராசரி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆண்டை 'கோதுமைத் தவிட்டு வருசம்' என்பார்கள். அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1979இல், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் மறுபடியும் ஒரு கட்டுரை. எழுதியவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த எட்ஜர்ட்டனும் அவரது குழுவினரும், அவர்களோடு அக்காலத்தில் கண்டியில் மருத்துவப் பேராசிரியராக இருந்த பிரையன் சேனவிரத்னவும். தோட்ட மக்களின் நிலைமை பற்றி வெளிப்படையாகப் பேசிய சிங்கள வைத்தியர் என்ற வகையில் சேனவிரத்னவை நம்மில் பலர் அறிவர். இரும்புச்சத்துக் குறைவால் சோகை பிடித்த தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு இரும்பு மாத்திரை கொடுத்து, எடுக்கும் கொழுந்தின் நிறை கூடுகிறதா என்று அளந்தார்கள். கூடியது, சோகை கடுமையாக இருந்தவர்களிடம் அதிகமாகக் கூடியது. ஓய்வு நேரத்திலும் அவர்கள் முன்னைவிட ஓடியாடித் திரிந்தார்கள் என்பதும் பதிவாயிற்று.

இந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் குருதியைக் கொழுந்துக் கூடையை நிறுத்துத்தான் அளக்க வேண்டுமா? பிறகு யோசித்துப் பார்க்கையில் அது அறுபது ஆண்டுக் குற்றச்சாட்டுக்குக் கிடைத்த மறுமொழி என்றும் தோன்றியது. சோம்பேறித்தனம் என்றார்களே, அது ஹீமோகுளோபின் குறைவு. எண்ணால் பேசுகிறவர்களுக்கு எண்ணாலேயே சொல்லப்பட்டது. இந்த இரு எண்ணங்களில் எது சரி என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

1985இல் அதே ரொக்பெல்லர் நிறுவனம் இத்தாலியின் பெலாஜியோ நகரில் மாநாடு கூட்டியது. 'குறைந்த செலவில் நல்ல சுகாதாரம்' கண்ட நாடுகளாகச் சீனாவையும் கொஸ்டரிக்காவையும் கேரளத்தையும் இலங்கையையும் அது கொண்டாடியது. இலங்கைக்கு அந்தப் பாராட்டு தகும். மாத்தளைத் தோட்டத்தில் 1916இல் தொடங்கியதை முடிக்காமற் போனதை அங்கு யாராவது நினைவுபடுத்தினார்களா என்று மட்டும் எனக்கு அறிய ஆவல்.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. அதே ஆண்டு தோட்டத்துறையில் ஒரு விரிவான ஆய்வு நடந்தது. 3 முதல் 12 வயது வரையான பிள்ளைகளையும் மகப்பேற்று வயதுப் பெண்களையும் பரிசோதித்ததில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குடற்புழுத் தொற்று இருந்தது. கொளுக்கிப் புழு மட்டுமன்று. வட்டப் புழுவும் சாட்டைப் புழுவும் அதில் அடங்கும். ஆயினும் 1916ஐயும் 1992ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடையில் இரண்டு உலகப் போர்கள், சுதந்திரம், தேசியமயம், மனிதன் சந்திரனில் கால்வைத்தது எல்லாம் நடந்து முடிந்திருந்தன.

இதன் பின்னர் நடந்த ஆய்வுகள் நம் நாட்டு விஞ்ஞானிகளுக்குப் பெருமை சேர்ப்பவை. அத்துகோரளவும் சக ஆய்வாளர்களும் தோட்டத்துறைக் கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வு 1994இல் வெளியாயிற்று. இரும்பு, போலிக் அமில மாத்திரைகளோடு புழு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஹீமோகுளோபின் நன்றாக உயருகிறது என்று அது காட்டியது. ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு முன்பு ஓட்டையை அடைப்பது போல. கர்ப்பிணிக்குப் புழு மருந்து கொடுக்கலாமா என்ற அச்சம் அன்று உலகெங்கும் இருந்தது. நிலந்தி டி சில்வாவும் குழுவினரும் 1999இல் லான்செட் சஞ்சிகையில் அதற்கு விடை தந்தார்கள். கர்ப்ப காலத்தில் மெபெண்டசோல் உட்கொண்ட 5,000க்கு மேற்பட்ட இலங்கைப் பெண்களின் பிள்ளைகளில் பிறவிக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. செத்துப் பிறத்தலும் மிகக் குறைந்த நிறையோடு பிறத்தலும் குறைந்திருந்தன. தூக்குக் கைதியின் ஈரலைப் பார்த்த காலத்திலிருந்து மருத்துவ ஆராய்ச்சி எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது!

தோட்டங்களில் 1994 முதல் ஆண்டுக்கு இருமுறை, 3 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்குப் புழு மருந்து கொடுத்தார்கள். 2005இல் அது நின்றது. நான்கு ஆண்டுகளின் பின்னர் ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளில் 1,890 பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. 29 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. ஐந்தில் நான்கு மாவட்டங்களில் அது 20 சதவீதத்துக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் மருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்று வகுத்த எல்லை அந்த 20தான். கடல் மட்டத்திலிருந்து உயரம் குறையக் குறையத் தொற்றுக் கூடுகிறது. தாயின் கல்வி குறையக் குறையவும் கூடுகிறது. வீட்டில் சரியான கழிவறை இல்லாவிட்டால் வட்டப் புழுவும் கொளுக்கிப் புழுவும் கூடுகின்றன.

ஊவாவை அறிந்தவர்களுக்கு இந்த உயரக் கணக்கின் பொருள் விளங்கும். 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையின் குளிரில் புழுக்குஞ்சு திணறும். அங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கமாகவோ, நமுனுகுலையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகவோ இறங்கினால் மண் சூடாகிக்கொண்டே போகும். கம்பனிகளின் வருமானமும் உல்லாசப் பயணிகளின் கமெராக்களும் பெரும்பாலும் மேலேதான் நிற்கின்றன.

பிள்ளைகள் எல்லோருக்கும் மருந்து கொடுப்பதால் படிப்பும் வளர்ச்சியும் உண்மையில் கூடுகின்றனவா என்று உலக அறிஞரிடையே பெரும் சண்டை நடந்தது. கென்யாவில் செய்த ஆய்வொன்றை வைத்து மிகெல், கிரெமர் என்னும் பொருளியலாளர் 2004இல் பெரும் பயன் உண்டு என்றனர். கொக்ரேன் குழுவின் மீளாய்வுகள் அவ்வளவு இல்லை என்றன. 2015இல் இது 'புழுப் போர்' என்றே பத்திரிகைகளில் பெயர்பெற்றது. கிரெமருக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. சண்டையில் தலையிடும் தகுதி எனக்கில்லை. ஆனால் இரு தரப்பாரும் மாத்திரையைப் பற்றியே பேசினார்கள். கழிவறையைப் பற்றி எவரும் போர் தொடுத்ததாக நான் படிக்கவில்லை.

நிலைமை மாறவே இல்லை என்று எழுதினால் அது பொய். ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 2006-07ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் ஏறத்தாழ 40 சதவீதம். 2016இல் 32 சதவீதம். ஆனால் அதே 2016இல் நாட்டின் சராசரி 17. பிரசவங்கள் அனேகமாக எல்லாமே இன்று வைத்தியசாலையில்தான் நடக்கின்றன. இந்திய அரசின் உதவியில் மலையகத்தில் கட்டிய 4,000 வீடுகளில் குடியேறிய குடும்பங்களுக்குத் தனிக் கழிவறை கிடைத்தது. இன்னொரு பக்கம், பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வாக்களித்துச் சபையைத் தெரிவு செய்த தோட்ட மக்களுக்காக அந்தச் சபை பணம் செலவிடுவதற்கு 1987 முதல் 2018இல் திருத்தப்படும் வரை முட்டுக்கட்டையாக நின்றது. 1912இன் விதை என்று முன்னர் சொன்னேனே, அதன் கடைசிக் கிளைகளில் ஒன்று இது.

ஆராய்ச்சியாளரின் கண்ணும் எங்கே விழும் என்று சொல்லமுடியாது. பதுளை மாவட்டத்தின் தாழ்நிலமான கிராந்துருகோட்டையில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, உலகெங்குமிருந்து விஞ்ஞானிகள் வந்து தண்ணீரையும் மண்ணையும் குருதியையும் எடுத்துப் போனார்கள். வரவேண்டியதுதான்; அங்கே விவசாயிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் நூறாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்ட நோய்க்கு அந்தக் கவர்ச்சி இல்லை.

சில காலத்துக்கு முன்னர் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். அப்பாயியின் தங்கை வழிப் பேத்தி அங்கே இருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கிளினிக் அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். ஹீமோகுளோபின் கணக்கு, இரும்பு மாத்திரை, புழு மருந்து எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. சிங்களத்தில் எழுதியிருந்ததால் அவளால் அதை வாசிக்க முடியவில்லை. நான் வாசித்துச் சொன்னேன். "மிஸ்ஸி நல்லவங்க மாமா, மாசம் தவறாம வருவாங்க" என்றாள்.

அந்த லயத்தில் பன்னிரண்டு காம்பிராக்கள். பின்புறம் மூன்று கழிவறைகள். ஒன்றின் கதவில் பூட்டுத் தொங்கியது. குழி நிரம்பிவிட்டதாம். பிரதேச சபைக்கு எழுதிக் கேட்டதற்கு, பவுசர் அனுப்பலாம், ஆனால் உள்வீதி தோட்டத்துக்குச் சொந்தமானதால் நிருவாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. நிருவாகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் எடுத்துக் காட்டினாள். திகதியைப் பார்த்தேன். ஐந்து மாதம் ஆகியிருந்தது. "அதுவரைக்கும் எங்க போறீங்க?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த தேயிலை மலையைப் பார்த்தாள்.